உடலும் ஓர் அமானிதம்

(ரமளானுக்கு முன்னர் நமது பள்ளிவாசலில் நடைபெற்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, மையவாடிச் சுற்றுச்சுவர் குறித்த காரசாரமான விவாதமும் ஒருவாறு ஓய்ந்த பின்னர் எமக்குப் பேச வாய்ப்பளித்திருக்கிறார்கள். பின்புறத்தில் இரவு விருந்து ஆயத்தமாகி, நெய்ச்சோற்றின் மணம் இவ்விடம் வரை வந்துகொண்டிருக்கிறது. இவ்வேளையில் உணவைப் பற்றியும் உடற்பயிற்சியைப் பற்றியும் பேசுவது எத்துணை இடர்ப்பாடானது என்பதை நாம் அறியாமலில்லை. ஆகவே நேரே பொருளுக்கு வந்துவிடுகிறோம்.

தலையைச் சற்றுத் திருப்பி இப்பள்ளியின் பின்வரிசையைப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே மூலையில் இரண்டே நாற்காலிகள் கிடந்தன. முதுமையின் எல்லையை எட்டிய பெரியவர்கள் இருவர் அவற்றில் அமர்ந்து தொழுதார்கள். இன்றோ அரை ஸஃப் நீளத்திற்கு நாற்காலிகள் நிற்கின்றன. அவற்றில் அமர்வோரில் ஐம்பது வயதைக் கூட எட்டாதவர்களும் உளர். இயலாதோர்க்கு மார்க்கம் வழங்கிய சலுகை அது. அங்கே அமர்வோரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், நெற்றியைத் தரையில் பதித்து ஸஜ்தா செய்யும் பேற்றை நாற்பத்தைந்து வயதில் ஒருவர் இழந்து நிற்பதைக் காணும்போது நெஞ்சம் கனக்கிறது. அவர்களுள் ஒருவர் எம்மிடம் கூறினார்: "முழங்கால் வலி கூடப் பெரிதில்லை, என் மகன் முன் ஸஃப்பில் நிற்க, நான் பின்னால் அமர்ந்து அவன் முதுகைப் பார்த்துத் தொழுகிறேனே, அதுதான் பொறுக்க முடியவில்லை."

நமது மருத்துவ உதவிக் குழு தொடங்கிய காலத்தில் பிரசவச் செலவுக்கும் விபத்துச் செலவுக்குமே பெரிதும் மனுக்கள் வந்தன. இப்பொழுது வரும் மனுக்களின் உள்ளடக்கத்தைப் பிரித்துப் பார்க்காமலேயே ஊகித்துவிட இயலுகிறது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதுபட்டு டயாலிசிஸ்; இருதய இரத்தக்குழாயில் அடைப்பு; ஆறாத காற்புண்ணால் விரல் நீக்கம். உழைத்துக் கொண்டுவந்து குடும்பத்தை நிமிர்த்த வேண்டிய வயதில் சபுராளிகள் பலர் நோயோடு ஊர் திரும்புகிறார்கள். இது நமதூரின் துயரம் மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் முந்தைய நிலையில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. அண்டையிலுள்ள புதுச்சேரியிலும் கேரளத்திலும் வயது வந்தோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் இந்நோயுடையவர் என்றும் அது கூறுகிறது.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்வது?" என்று சிலர் கேட்கிறார்கள். நாட்டம் அவனுடையதே, ஐயமில்லை. ஆனால் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்று வழியிலேயே திரும்பினார்கள். இறைவிதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியதற்கு, ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். அவ்விடை நமக்கும் போதுமானது.

இன்னொரு சொல்லையும் அடிக்கடி கேட்கிறோம். "ஐவேளை தொழுகிறோமே, அதைவிட உடற்பயிற்சி வேறென்ன?" தொழுகை இபாதத், அதன் நோக்கம் வேறு. நின்று, குனிந்து, அமர்ந்து, எழுவதால் மூட்டுகளின் இயக்கம் காக்கப்படுகிறது என்பது மெய்யே. ஆயினும் இருதயமும் நுரையீரலும் வலுப்பெற, மூச்சு சற்று வாங்கும் அளவிலான இயக்கம் தொடர்ச்சியாகத் தேவை. உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் இரு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றும் கூறியுள்ளது. தொழுகையைக் காட்டி இதனைத் தட்டிக்கழிப்பது தொழுகைக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பது எமது தாழ்மையான கருத்து.

நம்மில் பெரும்பாலோர் வணிகர்கள். ஆதலின் ஒரு பழைய ஆய்வை இங்கே நினைவூட்டுகிறோம். லண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் பணியாற்றியோரை ஜெரமி மோரிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1953ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்தே இருந்தார். நடத்துநரோ சீட்டு வழங்குவதற்காக மேலும் கீழுமாய்ப் படியேறி இறங்கியபடி இருந்தார். இருவரும் ஒரே நிறுவனத்தார். ஒரே தெருக்களில் சென்றவர்கள். ஆனால் இருதய நோய் நடத்துநர்களிடம் குறைவாகவும், ஓட்டுநர்களிடம் மிகுதியாகவும் காணப்பட்டது. இதனைப் படித்தபோது நம் கடைவீதியே எம் கண்முன் வந்தது. கல்லாவில் அமர்ந்திருக்கும் முதலாளி ஓட்டுநர். கிடங்குக்கும் கடைக்குமாய் ஓடும் பணியாள் நடத்துநர். தேநீர் வேண்டுமென்றாலும் பணியாளே ஓடுகிறார். குடிப்பது மட்டும் முதலாளி. தேநீரின் கணக்கையும் இங்கேயே முடித்துவிடுவோம். நாளொன்றுக்கு ஐந்து குவளை, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சீனி எனில் பத்துக் கரண்டி. அதாவது 40 முதல் 50 கிராம் வரை. ஒரு நாளில் இருக்கத்தக்க சீனி 25 கிராமுக்குள் என்பதே ஊட்டச்சத்து வல்லுநர்கள் வகுக்கும் அளவு.

உடலை இயக்குவதற்கு நாம் கட்டணம் செலுத்தி எங்கும் சேர வேண்டியதில்லை. பனூ ஸலமா குலத்தார் மதீனாவின் ஒதுக்குப்புறத்தில் வசித்தார்கள். பள்ளிவாசலுக்கு அருகே குடிபெயர அவர்கள் விரும்பியபோது, அங்கேயே இருக்குமாறும் அவர்களுடைய காலடிகள் நன்மையாகப் பதிவுசெய்யப்படுவதாகவும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். தொலைவிலிருந்து நடந்து வருவதற்கு அத்துணைச் சிறப்பு. நமது நிலையோ வேறு. அடுத்த தெருவிலிருந்து வருபவரும் மோட்டார் சைக்கிளில் வருகிறார். ஜும்ஆ நாளில் வாசலை அடைத்து நிற்கும் வண்டிகளைத் தாண்டி ஜனாஸா கூட உள்ளே வர இயலாத நிலை ஏற்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். வீடு 400 மீட்டர் தொலைவில் இருக்கிறது எனக் கொள்வோம். விரைந்து நடந்தால் ஐந்து நிமிடம் கூட ஆகாது. சுப்ஹு, மஃரிப், இஷா ஆகிய மூன்று வேளை மட்டும் சென்று திரும்பினாலே 2,400 மீட்டர். ஏறத்தாழ அரைமணி நேரம். வாரம் முழுவதற்கும் கூட்டினால் வேண்டிய 150 நிமிடத்தைக் கடந்துவிடும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: கடைத்திண்ணை தோறும் நின்று நலம் விசாரித்து நடக்கும் நடை இக்கணக்கில் சேராது. பேசலாம், ஆனால் பாட இயலாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும்.

நாற்காலியில் அமர்வோர்க்கும் இதில் நற்செய்தி உண்டு. முழங்கால் தேய்மானமுள்ள பருத்த உடலினரை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, உடலெடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதுள்ள சுமை சுமார் நான்கு கிலோ குறைவதாகக் கண்டது. ஐந்து கிலோ குறைந்தால் இருபது கிலோ மூட்டையை இறக்கிவைத்ததற்கு ஒப்பாகும். எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவர் என்று நாம் வாக்களிக்கவில்லை. சிலர் எழலாம். இன்னும் அமராதோர் பலர் அமராமலேயே இருக்கலாம்.

இனி உணவு. நடந்துவிட்டால் எதையும் உண்ணலாம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அரைமணி நேரம் நடந்தால் சராசரி உடலினர்க்கு நூற்றுச் சொச்சம் கலோரி செலவாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. அரைமணி நேர நடை ஒரு கரண்டி எண்ணெய்க்குத்தான் ஈடு. அதன்மேல் இரண்டு பரோட்டாவும் சால்னாவும் என்றால் எந்த நடையும் போதாது.

சென்ற ஆண்டு இதே மேடையில் எமது குழு ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தது நினைவிருக்கும். நிக்காஹ் விருந்தில் கறி வகை ஒன்று, இனிப்பு ஒன்று என வரையறுக்க வேண்டும் என்றோம். அது தோற்றது. மகளின் திருமணத்தை நிச்சயித்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "என் வாப்பா போட்ட விருந்தைவிடக் குறைவாக என் பிள்ளைக்கு நான் எப்படிப் போடுவேன்?" என்று கேட்டார். எம்மிடம் விடை இல்லை. அன்று எமக்குச் சினம் இருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. பிறகு ஆழ்ந்து எண்ணியபோது, தவறு எம்முடையதே என உணர்ந்தோம். விருந்து என்பது வெறும் சோறன்று. வந்தவரை மதிக்கும் முறை. அதில் எதையேனும் பறிப்பதாகத் தோன்றினால் எவரும் ஏற்கமாட்டார். ஆதலால் இம்முறை நீக்குவதைப் பற்றிப் பேசாமல், மாற்றி அமைப்பதைப் பற்றிப் பேச வந்துள்ளோம்.

ஒரே சஹனில் சேர்ந்து உண்பது நமது மரபின் அழகு. செல்வரும் வறியவரும் ஒரு தட்டில் கைவைப்பதற்கு நிகரான சமத்துவப் பாடம் வேறில்லை. ஆனால் சஹனில் ஒரு சிக்கலும் உண்டு. தாம் எவ்வளவு உண்டோம் என்பது அவரவர்க்கே தெரிவதில்லை. குவியல் குறையக் குறையப் பரிமாறுவோர் மறுசோறு கொட்டுகிறார்கள். நாம் கையை எடுத்துவிட்டால் உடன் உண்பவரும் கூச்சப்பட்டு எழுந்துவிடுவாரே என்று, பசி அடங்கிய பின்னும் கை தட்டில் அளைந்துகொண்டிருக்கிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைப் பானத்துக்கும், எஞ்சியதை மூச்சுக்கும் ஒதுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஒவ்வொரு மீலாது மேடையிலும் கேட்கிறோம். சஹனுக்கு முன் அமர்ந்ததும் அது எவர் நினைவிலும் எழுவதில்லை. கேட்டால் மட்டுமே மறுசோறு என்றொரு வழக்கத்தைப் பரிமாறும் வாலிபர்கள் மேற்கொண்டால், எந்த வீட்டாரின் கௌரவமும் குறையாது. கொட்டப்படும் சோறும் குறையும்.

தால்ச்சாவைப் பற்றியும் ஒரு சொல். மதீனாவில் தையற்காரர் ஒருவர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட குழம்பும் வைக்கப்பட்டன. நபிகளார் பாத்திரத்தில் சுரைக்காயைத் தேடித்தேடி உண்டதை உடன் சென்ற அனஸ் (ரலி) அவர்கள் கண்டு, அன்று முதல் தாமும் சுரைக்காயை விரும்பலானார்கள். நம் பந்தியில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. தால்ச்சாவில் எலும்பைத் தேடுகிறோம். சுரைக்காயும் கத்தரிக்காயும் தட்டின் ஓரத்தில் ஒதுங்கி, குப்பைக் கூடைக்குச் செல்கின்றன. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, நாளுணவில் ஏறத்தாழப் பாதி காய்கனிகளாய் இருக்க வேண்டும் என்கிறது. சுன்னத்தும் மருத்துவமும் ஒரே காயைச் சுட்டும்போது நாம் ஏன் ஒதுக்குகிறோம் என்பது விளங்கவில்லை.

இவ்வளவு மெனக்கெட்டால் பயன் உண்டா என ஐயுறுவோர்க்குச் சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வே விடை. நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரைக்கு மேல் எதுவும் பெறாதோரில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகள் ஆனார்கள். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்து, சீனி, கொழுப்பு, தீட்டிய தானியங்களைக் குறைத்தவர்களில் அது 39 ஆக இருந்தது. மாத்திரை உட்கொண்டோரிடமும் ஏறத்தாழ அதே அளவு. குறிப்பிடத்தக்கது யாதெனில், நடந்தவர்களின் உடலெடை பெரிதாகக் குறையவில்லை. ஆயினும் நோய் குறைந்தது. எனவே எடைக்கருவி அசையவில்லை என்று மனம் தளர வேண்டியதில்லை. முழுப் பாதுகாப்பு என்று நாம் சொல்லவில்லை. நூறு குடும்பங்களில் பதினாறு குடும்பங்கள் தப்பின. அப்பதினாறு பேரின் மனுக்கள் நமது குழுவுக்கு வாராமலிருப்பது சிறிய செய்தியா?

ரமளான் நெருங்குகிறது. நமது நோன்புக் கஞ்சியின் மீது எவரும் பழிசொல்லாதீர்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, சிறிது கொத்துக்கறி. ஒரு கோப்பைக் கஞ்சி நோன்பாளியின் வயிற்றுக்கு இதமானது. தீங்கு கஞ்சியைச் சூழ்ந்து நிற்பவற்றில் இருக்கிறது. சமோசா, வாடா, பஜ்ஜி, செந்நிறச் சர்பத், பிறகு தராவீஹ் முடிந்ததும் பரோட்டா. பகலெல்லாம் பட்டினி கிடந்தும் பெருநாளன்று எடை கூடியிருப்பவர் நம்மில் பலர்.

நீரிழிவுள்ளோர் நோன்பு வைக்குமுன், குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்னரேனும் மருத்துவரைக் காண வேண்டும். இதுவரை காணாதோர் இவ்வாரமே காணுங்கள். மாத்திரையின் அளவையும் வேளையையும் தாமாக மாற்றலாகாது. 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவினருக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோவது ரமளானில் ஏழு மடங்குக்கு மேல் மிகுவதாகக் கண்டது. விரல் நுனியில் குத்திப் பரிசோதிப்பதால் நோன்பு முறியாது என்பதை இமாம் ஹஜ்ரத் அவர்களும் எம்மிடம் உறுதிப்படுத்தினார்கள். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிடும்படி மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. நோயாளிக்கு இறைவன் தந்த சலுகையை மறுப்பது வீரமன்று. இளைய வயதில் ஒருவர் மயங்கி விழுந்தும் வெட்கத்தால் தண்ணீர் குடிக்க மறுத்ததைக் கண்டிருக்கிறோம்.

தாய்மார்களே, உங்களைக் கடைசியில் அழைத்தமைக்கு மன்னியுங்கள். வீட்டு வேலையே போதுமான பயிற்சி என்று ஆண்கள் சொல்லி, நீங்களும் நம்பிவிட்டீர்கள். மாவரைப்பதும் துவைப்பதும் இயந்திரத்திடம் சென்ற பின்னர் எஞ்சியது அடுப்படியில் நிற்கும் கால்வலி மட்டுமே. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதல்முறை அன்னையார் வென்றார்கள். உடல் சற்றுப் பருத்த பின்னர் நடந்த மறுமுறை நபிகளார் வென்று, அதற்கு இது ஈடு என நகைத்தார்கள். தெருவில் நடக்க நீங்கள் தயங்குவதன் காரணங்களை நாம் அறிவோம். ஆகவே சுற்றுச்சுவருள்ள ஈத்காஹ் திடலை அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டுமே ஒதுக்கித் தருமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டிருக்கிறோம். அவ்வேளையில் பந்தாடும் வாலிபர்கள் முகம் சுளிப்பார்கள், காலையில் ஆடட்டும். இக்கோரிக்கை இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. வாக்களிக்கும் ஆண்கள் தத்தம் வீட்டு மருந்துப் பெட்டியை நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

சில எச்சரிக்கைகள். நெஞ்சுவலியோ நடக்கையில் மூச்சுத்திணறலோ உள்ளோர் மருத்துவரைக் கண்ட பின்னரே தொடங்குக. நீரிழிவுள்ளோர் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். கோடையில் ஹவுளிலிருந்து உள்பள்ளி வரையுள்ள கல்தரையில் உணர்விழந்த பாதம் வெந்ததே தெரியாமல் கொப்புளத்தோடு வீடு சென்றவர்கள் உண்டு. அங்கே பாய் விரிக்க ஏற்பாடாகியுள்ளது. உளூச் செய்கையில் கால்விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுகிறோமல்லவா, அப்போதே வெடிப்போ புண்ணோ உண்டா எனப் பார்த்து, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். நாளைக்கு ஐந்து முறை பாதத்தைப் பார்க்கும் வாய்ப்பு வேறெவருக்கு வாய்க்கும்?

நாளைக் காலை சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் கீழவாசலில் இருந்து ஈத்காஹ் வரை நடக்கவிருக்கிறோம். காலணி அவசியம். மாத்திரை உட்கொள்வோர் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்க. திரும்பும் வழியில் தேநீர்க் கடை திறந்திருக்கும். அங்கே சீனியின்றிக் குடிப்போருக்கு மட்டும் எமது குழு பணம் தரும்.

பண்டாரி கைகாட்டிவிட்டார், உணவு ஆயத்தம். இன்றைய தால்ச்சாவில் சுரைக்காயை இருமடங்கு போடச் சொல்லியிருக்கிறோம். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.